கேரட் தொட்டியில் ஒரு கடல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. கொடைக்கானல் காட்டேஜ்களுக்கு இணையதள வாசகம் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. 'மேகம் உங்கள் ஜன்னலைத் தட்டும்' நான் எழுதியதுதான். (மேகம் தட்டாது. தட்டுவது குரங்கு.) முதலாளி ஜெயமுருகனுக்குக் கடற்கரையில் ஒரு ரிசார்ட், கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறையில் ஒரு காட்டேஜ். இரண்டுக்கும் ஒரே மத்தியானத்தில் எழுதினேன். கடலுக்கு எழுதிய பத்தியை மலைப் பக்கத்திலும் ஒட்டிவிட்டேன். அந்தப் பத்தி இது:

"வசந்த காலத்தில், வெதுவெதுப்பான உப்புக்கடலோரம், மணற்கரையில், மெல்லலைகள் தாலாட்ட, உங்கள் தூண்டிலுக்காக ஒரு பெருமீன் காத்திருக்கிறது!"

இப்படி, பேத்துப்பாறையில்.

2

தொடக்கம் ஒன்று: பனி விலகாத பங்குனிக் காலையில், தோளில் தூண்டிலோடு ஒரு மனிதர் பேருந்திலிருந்து—

வேண்டாம். அவர் வந்தது காரில்.

தொடக்கம் இரண்டு: கடல் என்பது உண்மையில் ஒரு மனநிலை.

இதை எழுதியவனைச் செருப்பால் அடிக்கவேண்டும். நான்தான் எழுதினேன்.

2 (மறுபடியும், நேராக)

பங்குனி மாதம் ஆனந்த் என்பவர் வந்தார். சென்னையில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். மூன்று தூண்டில், பதினேழு பை வைத்த சட்டை, மீனை அளக்க ஒரு டேப். காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் சுரேந்திரனிடம், "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சுரேந்திரன் சிரித்தார். ஆனந்த் சிரிக்கவில்லை. போனில் என் பத்தியைக் காட்டினார்.

சுரேந்திரன் முதலாளிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, இங்க கடல்ல மீன் புடிக்கலாம்னு போட்டிருக்காம்ண்ணே."

"போட்டிருக்குல்ல? போட்டிருக்கறதச் செஞ்சு குடு. கெஸ்ட் மூஞ்சி கோணுச்சுன்னா நீ வீட்டக் காலி பண்ணிரு. எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு." வைத்துவிட்டார்.

காலி பண்ணச் சொன்ன வீடு என்பது காட்டேஜுக்குப் பின்னால் சுரேந்திரனும் மனைவி தேவகுமாரியும் பதினொரு வருஷமாக இருக்கும் ஒற்றை அறை.

3

இங்கே எனக்கே ஒரு சந்தேகம். புத்தி உள்ள எவனாவது இதற்காகக் கடல் செய்வானா? 'தப்பா அச்சாயிருச்சு சார்' என்று சொல்லிவிட்டுப் போகமாட்டானா? இந்தப் பாத்திரத்தை நம்பமுடியவில்லை என்று நீங்கள் புத்தகத்தை மூடுமுன் ஒரு சமாதானம் சொல்கிறேன்.

சுரேந்திரனின் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலில் அனுப்பப்பட்டு வந்தவர். கையில் அரசாங்கம் கொடுத்த ஒரு காகிதம். அதில் எழுதியிருந்த ஊருக்குப் போனார்கள். எழுதியிருந்த வேலையைச் செய்தார்கள். எழுதாமல் விட்டது எதுவும் கிடைக்கவில்லை. எழுத்தில் இருப்பதை இல்லை என்று சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: அந்தக் கப்பலில் அப்பா வழிநெடுக வாந்தி எடுத்தார். அவர்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் அவ்வளவுதான் உறவு.)

5

(4-ஐக் கிழித்துவிட்டேன். அதில் மழை பெய்தது, தேவையில்லாமல்.)

காட்டேஜுக்குக் கீழே, முன்னொரு காலத்தில் கேரட் கழுவிய பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. சுரேந்திரன் என் பத்தியை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக வேலையை ஆரம்பித்தார்.

உப்பு: ஒட்டன்சத்திரத்துக்குக் காய் ஏற்றிப்போன லாரி திரும்பும்போது பன்னிரண்டு மூட்டை கல்லுப்பு கொண்டுவந்து ரோட்டில் போட்டது. பன்னிரண்டையும் சரிவில் முதுகிலேயே இறக்கினார். மணற்கரை: கட்டட வேலை நடந்த இடத்தில் கேட்டு வாங்கிய மணல், நாற்பது சட்டி. வெதுவெதுப்பான: அடுப்பில் அண்டா ஏற்றி, வெந்நீர் காய்ச்சி, குடம் குடமாக ஊற்றினார். நான் 'மிக' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் விறகு தீர்ந்திருக்கும்.

மெல்லலைக்குத் தேவகுமாரி. கையில் ஒரு பலகை.

"எவ்வளவு நேரங்க ஆட்டுறது? கை கழண்டு போச்சு."

"மெதுவா ஆட்டு புள்ள. மெல்லலைன்னுதான் எழுதியிருக்கு. நீ கப்பலையே கவுத்துருவ போல."

பெருமீன், வத்தலக்குண்டு மீன்கடையில் ஐஸில் கிடந்த நாலு கிலோ வஞ்சிரம். தொட்டிச்சுவருக்குப் பின்னால் சுரேந்திரன் குத்தவைத்து, ஆனந்தின் தூண்டில் விழுந்ததும் மீனை முள்ளில் மாட்டி, நூலைப் பிடித்து இழுஇழு என்று இழுத்தார். மீன் போராடவேண்டும் அல்லவா?

ஆனந்த் பத்து நிமிஷம் போராடி மீனைக் கரையேற்றினார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். அளந்தார். கூட நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு அதன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விட்டார்.

"பிடிக்கணும், விடணும். அதாம்ப்பா இந்த விளையாட்டு," என்றார்.

விட்ட மீன் நேராக அடியில் போய்ப் படுத்தது. மறுபடி பிடித்தார். சாயங்காலத்துக்குள் ஒன்பது தடவை. மறுநாள் பதினொரு தடவை. மீன் நாறத் தொடங்கிவிட்டது.

"செத்த மீன இருவது தடவ உசுரோட விடுற மனுசன இப்பத்தான் பாக்கேன்," என்று தேவகுமாரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அலை அடித்தாள்.

6

மூன்றாம் நாள் வெள்ளனே காட்டுமாடுகள் வந்தன. ஐந்து. உப்பு வாசம் எட்டியிருக்கவேண்டும். ஆளுக்கொரு மூலையில் வாய் வைத்தன. அகத்தியர் கடலைக் குடித்த கதையை நம்பாதவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்கவேண்டும். தொட்டி காலி. கரையையும் நக்கிவிட்டுப் போயின. நடுவில் வஞ்சிரம் மட்டும் கிடந்தது.

ஆனந்த் கண்கலங்கிப் படமெடுத்து இணையத்தில் போட்டார்: 'கடல் சின்னது. மீன் ஒன்றுதான், அதற்கும் உயிரில்லை. ஆனால் கடலை மாடு குடித்து வேறெங்கும் பார்த்ததில்லை. ஐந்து நட்சத்திரம்.'

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை.

7

ஆனந்த் ஊர் திரும்பிய பிறகு, படத்தைப் பார்த்து வனத்துறையினர் வந்து, காட்டுமாட்டுக்கு உப்பு வைத்தது யார் என்று கேட்டார்கள். ஜெயமுருகன் அப்போதுதான் காட்டேஜின் இணையப்பக்கத்தைத் திறந்து பார்த்தார். கடல், மீன் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது.]

[விடுபடவில்லை. நான் விட்டுவிட்டேன். ஆனந்தின் படத்தைப் பார்த்ததும், அந்தப் பத்தியை முந்தின ராத்திரியே நான் அழித்திருந்தேன்.]

"அப்படி ஒண்ணும் போடவே இல்ல. இவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு," என்று ஜெயமுருகன் அவர்களிடம் சொல்லி, சுரேந்திரனை ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

தேவகுமாரி என்னைத் தேடி வந்தாள்.

"சார், அந்த வெப்சைட்டுல எழுதுறது நீங்கதானே?"

"அதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே எழுதிக்குதும்மா," என்றேன்.

"அவரு காகிதத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு சார். 'நானே எழுதிக்கிட்டனா தேவு?'ன்னு கேக்குறாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஜெயமுருகன் கொடுக்கும் வேலை போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆகவே, உருப்படாத எழுத்தாளன் எவனும் செய்வதைச் செய்தேன். கதை எழுத உட்கார்ந்தேன்.

8

முடிவு அ: ஆனந்த் திரும்பி வந்து, சுரேந்திரனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், உயிருள்ள மீனைப் பிடித்து விடும் வேலை கொடுக்கிறார்.

முடிவு ஆ: ஐந்து காட்டுமாடும் ஜெயமுருகன் வீட்டு வாசலில் வந்து, குடித்த கடலைக் கக்குகின்றன. அலையில் அவர் கார் மிதக்கிறது. (பிடித்திருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?)

முடிவு இ: வஞ்சிரம் வாய் திறந்து உண்மையைச் சொல்கிறது.

9

இன்று சனிக்கிழமை. சாமான் கட்டக் கயிறு கேட்டு தேவகுமாரி வந்தாள். வாய் வார்த்தையாகச் சொல்லத் துணிவில்லாமல், இதுவரை எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். ஏழாம் பகுதியை மட்டும் வேகமாகப் படித்தேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"மாடு கக்குது. மீனு பேசுது. எல்லாரும் பேசுறாங்க," என்றாள். "நீங்க எந்த எடத்துல சார் பேசுறீங்க?"

"அது வந்து, கதையோட அமைப்புப்படி—"

"சும்மா கதைக்காதீங்க சார். வெளங்குதா? அந்த மனுசன் கிறுக்கு இல்லன்னு ஒரு ஆளு சொல்லணும். போடுங்க போன. வெரசா."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கயிறு மடியில் இருக்கிறது. போட்டுவிட்டேன். மணி போகிறது. மூன்றாவது மணி. இடது கையில் போன், வலது கையால் இதை எழுதுகிறேன்.

நாலாவது. ஜெயமுருகன் எடுத்துவிட்டார். "சொல்லுங்க" என்கிறார்.

படிக்கிறவரே, இனி நான் சொல்லவேண்டிய வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொடுங்கள். எனக்கு நா எழவில்லை. சின்னதாக இருக்கட்டும். அடைமொழி மட்டும் வேண்டாம். உப்பு மூட்டை சுமந்து சுரேந்திரனுக்கு ஏற்கனவே இடுப்புப் பிடித்திருக்கிறது.