இன்னொரு நாற்பத்தேழு

கோல்பி வோய்டின் வெள்ளைக் கால்சட்டையை அவன் அம்மா மார்லிஸ் நான்கு வருடமாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைத்தாள் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து அவன் கொண்டுவந்து போடும்போதே அது மடிப்புக் கலையாமல் இருக்கும். மற்ற பையன்களின் அம்மாக்கள் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து, புல்கறைக்கு எந்தச் சோப்பு நல்லது, சேற்றை ஊறவைக்க வேண்டுமா தேய்க்க வேண்டுமா என்று மாநாடு நடத்துவார்கள். மார்லிஸ் அந்தப் பேச்சில் மட்டும் வாயே திறக்கமாட்டாள். என்னத்தைச் சொல்வது? என் பிள்ளை கால்சட்டையில் பெஞ்சுத் தூசிதான் படிகிறது என்றா?

தப்பு பையன் மேல் இல்லை. தர்லோ பல்கலைக்கழகம் அப்படி. அமெரிக்காவில் அயோவா மாநிலத்துச் சோளக்காட்டுக்கு நடுவில் எப்போதோ பாதிரியார்கள் கட்டிவைத்துவிட்டுப் போன இடம். படிக்க வருகிறவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள். தலைவர் டாக்டர் ரென்விக் உட்கார்ந்து யோசித்தார். பாடம் இருக்கிறது வா என்றால் ஒருத்தனும் வரமாட்டான், ஆட்டம் இருக்கிறது வா என்றால் வருவான், அவன் பின்னாலேயே அப்பன் கட்டும் பணமும் வரும் என்று அவருக்கு ஞானம் பிறந்தது. உடனே லத்தீன் துறையை மூடி எடை தூக்கும் கூடமாக்கினார். தத்துவம் நடந்த அறையில் மல்யுத்தப் பாய் விரித்தார். மீன் பிடிக்கக்கூட ஓர் அணி ஏற்படுத்தினார். பக்கத்தில் ஏரி இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, எதையும் குறையாகவே பார்க்கக்கூடாது என்றாராம்.

இருந்தாலும் ஃபுட்பாலுக்கு, அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு இடித்து மோதி ஓடும் அமெரிக்க ஆட்டத்துக்கு, ஈடு எதுவும் இல்லை. நூற்றைம்பது பையன்கள் அந்த அணியில். தலைக்கவசமும் தோள்கட்டும் மாட்டிக்கொண்டு களத்தில் ஒரு நேரத்தில் நிற்கக்கூடியவர்கள் பதினொரு பேர். மிச்சம் பேர் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், 'அணி உணர்வை வளர்க்கிறார்கள்' என்று பதில் வரும். உணர்வை வளர்ப்பதற்குக் கட்டணத்தில் தள்ளுபடி ஏதும் கிடையாது.

சட்டையில் போடும் எண்ணோ தொண்ணூற்றொன்பதோடு முடிந்துவிடும். அதனால் ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரே எண்காரர்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் களத்தில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. கோல்பிக்கு நாற்பத்தேழு. அணியின் நட்சத்திரம் பிரைஸ் ஹெண்ட்லிக்கும் நாற்பத்தேழு. பிரைஸ் எப்போதும் களத்தில், கோல்பி எப்போதும் பெஞ்சில். விதியை இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றிய இரண்டு பேரை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

கோச் ஹாலோரன் நான்கு வருடத்துக்கு முன்னால் மார்லிஸின் சமையலறையில் உட்கார்ந்து பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். "மிஸஸ் வோய்ட், இவன் தோளைப் பாருங்க! சனிக்கிழமை சனிக்கிழமை இவன் களத்துல நிக்கறது எனக்கு இப்பவே கண்ணுல தெரியுதுங்க. எங்களது டீமே இல்ல, குடும்பம்!" என்று சொல்லிக்கொண்டே அவள் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்டிருந்த இனிப்புப் பலகாரத்தில் மூன்று துண்டு உள்ளே தள்ளினார். பையன் சொக்கிப்போனான். செலவு குறைவான அரசாங்கக் கல்லூரி வேண்டாம் என்றான். அப்பா டுவேன் ராத்திரியிலும் தானிய லாரி ஓட்ட ஒத்துக்கொண்டான். குடும்பம் என்று ஆன பிறகு என்ன செய்வது?

அந்தக் குடும்பத்தின் கடைசி ஆட்டம் நவம்பரில் வந்தது. படிப்பை முடித்துப் போகும் பையன்களைப் பெற்றோரோடு களத்தின் நடுவுக்கு அழைத்துப்போய், அம்மா கையில் ஒரு பூவைக் கொடுத்து அனுப்பும் நாள். காற்று காதைக் கடித்தது. மார்லிஸ் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பிள்ளையின் படம் போட்ட வட்ட பேட்ஜை மார்பில் குத்தியிருந்தாள். எல்லா அம்மாக்களும் குத்தியிருந்தார்கள். பிரைஸின் அம்மா ஷெரில் குத்தியிருந்த பேட்ஜில் அவள் பிள்ளை ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தான். மார்லிஸின் பேட்ஜில் கோல்பி ஸ்டுடியோ நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

வரிசையில் நிற்கும்போது கோல்பி குனிந்து அவள் காதில் சொன்னான்.

"அம்மா, ஒரே ஒரு தடவ உள்ள போகணும்மா. ஜெயிக்கணும்னுகூட இல்ல. பந்து கெளம்பி கீழ விழற வரைக்கும் உள்ள நின்னாப் போதும்."

இருபத்திரண்டு வயது, ஆறடி நான்கு அங்குலம். குரல் மட்டும் எட்டு வயதுக்காரன் குரலாக இருந்தது.

நடுக்களத்தில் கோச் வாயெல்லாம் பல்லாக அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த வருஷம் பிரைஸ் இல்லாம என்ன பண்ணப் போறோமோ, போங்க!"

"இவன் கோல்பி."

"ஆமா ஆமா, கோல்பி! நான் வேற என்ன சொன்னேன்?"

அவர் உருவிக்கொள்ளப் பார்த்த கையை மார்லிஸ் விடவில்லை. முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் அண்டா தூக்கும் கை அது. "கோச், இன்னிக்காவது இவன எறக்குவீங்களா? ஒரு தடவ."

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? இன்னிக்குக் கடைசி வருஷப் பசங்க எல்லாருக்கும் சான்ஸ் உண்டு. என் வார்த்த!"

"உங்க வார்த்தையத்தான் நாலு வருஷமா பெஞ்சுல பாத்துட்டிருக்கேனே."

"அம்மா! விடும்மா, மானம் போகுது," என்றான் கோல்பி.

மேலே கண்ணாடி அறையில் பேராசிரியர் ஸ்ட்ரைக்கர் ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். லத்தீன் துறையை மூடியபோது மிச்சமான ஆள். நல்ல குரலை ஏன் வீணாக்க வேண்டும் என்று தலைவர் கருணையோடு அவரை மைக்குக்கு முன்னால் உட்காரவைத்திருந்தார். விளையாட்டு அலுவலகம் எழுதிக்கொடுத்ததை அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் வாசிப்பார். "கிர்பி வோய்ட்," என்று கம்பீரமாக வாசித்தார்.

"கிர்பியாம். யாரு பெத்த பிள்ளையோ!" என்றான் டுவேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. அந்த வருடம் தர்லோ ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. எதிரி கார்வெல் கல்லூரியும் கிட்டத்தட்ட அதே ரகம் என்பதால் போட்டி பலமாக இருந்தது. முதல் பாதி போயிற்று. மார்லிஸ் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, பெஞ்சையே கண்கொட்டாமல் பார்த்தாள். கடைசி வருடப் பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். கோல்பி தலைக்கவசத்தை மாட்டுவான், கழற்றுவான், கோச் பக்கத்தில் போய் நிற்பான். அவர் அவனை விலக்கிவிட்டுக் களத்தைப் பார்ப்பார், கண்ணை மறைக்கும் திரையை விலக்குவதுபோல.

"ஜெயிக்கற நெலமையில இருக்காங்க. இனிமே எங்க எறக்கப் போறான்?" என்றான் டுவேன்.

"வாய மூடிட்டுக் காப்பியக் குடி."

ஆனால் ஜெயிக்கிற நிலைமை நீடிக்கவில்லை. சில விநாடிகளே மிச்சம் இருக்கும்போது கார்வெல் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து இரண்டு புள்ளி முந்திக்கொண்டது. இனி அவர்கள் ஒருமுறை பந்தை தர்லோ பக்கம் உதைப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு மறுமுனைக் கோடு வரை ஓடினால் வெற்றி, இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். தர்லோவின் பதினொரு பேரும் போய் நின்றார்கள். பிரைஸ் முன்வரிசையில் நின்றான். திடீரென்று ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தான்.

அவன் இடத்துக்கு உடனே ஓர் ஆள் வேண்டும். கோச்சுக்குத் தலைகால் புரியவில்லை. "நாப்பத்தேழு! நாப்பத்தேழு எங்கடா?" என்று கத்தினார். அவர் தேடிய நாற்பத்தேழு ஏற்கெனவே களத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இங்க இருக்கேன் கோச்!" என்றான் கோல்பி.

அவர் எண்ணைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கும் வழக்கம்தான் அவருக்குக் கிடையாதே. "இங்க என்னடா புடுங்கிட்டிருக்க? போடா உள்ள!"

கோல்பி ஓடினான். பெஞ்சுத் தூசி பறக்க ஓடினான். மார்லிஸ் எழுந்து நின்றுவிட்டாள். "டுவேன்! டுவேன், பாரு! போறான்!" காப்பி முழுவதும் டுவேன் மடியில். அவனும் அதைக் கவனிக்கவில்லை.

பந்து வந்தது. பொடிப்பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு ஓரமாகப் பறந்தான். அவனை மறிக்க கார்வெல் பையன் ஒருவன் எருமைக்கடா மாதிரி வந்தான். நடுவில் கோல்பி புகுந்து தோளைக் கொடுத்தான் பாருங்கள், கடா கால் இரண்டும் மேலே போக மல்லாந்தது, கோல்பியும் அதன்மேல் முழங்கால் உரசப் புல்லில் விழுந்தான். நான்கு வருடம் சேர்த்துவைத்த இடி அது. திறந்த வழியில் பொடியன் ஓடிக் கோட்டைத் தாண்டினான். நேரமும் முடிந்தது. ஊரே எழுந்து குதித்தது. டாக்டர் ரென்விக் முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார்.

புல்லில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. ஆட்டத்தில் தப்பு நடந்தது என்பதற்கு அடையாளமாக நடுவர் போட்டது.

நடுவர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். ஒருவர் கோச்சிடம் வந்து, ஒரே எண்ணில் இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள், புள்ளி செல்லாது, ஆட்டம் முடிந்தது என்றார்.

"ரெண்டு பேரா? எங்கிட்ட இருக்கறது ஒரே நாப்பத்தேழுதாங்க!" என்று கோச் கத்தியது படிக்கட்டு வரை கேட்டது. அப்புறம் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாற்பத்தேழு பக்கத்தில் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பேராசிரியரின் குரல் வந்தது. "தர்லோ மீது தண்டனை. தவறு செய்தவர் நாற்பத்தேழாம் எண், பிரைஸ் ஹெண்ட்லி. ஆட்டம் கார்வெலுக்கு."

கூட்டம் ஊளையிட்டது. ஷெரில் அலறிக்கொண்டு எழுந்தாள். "ஐயய்யோ! என் புள்ள என்னய்யா பண்ணான்? அவன் மொதல்லேருந்தே உள்ளதான இருந்தான்!"

மார்லிஸ் அப்படியே நின்றாள். நான்கு வருடத்தில் கோல்பி களத்தில் செய்த ஒரே காரியம். அதையும் தூக்கி பிரைஸுக்கே கொடுத்துவிட்டார்களே!

"இரு ஷெரில், நான் போய்க் கேக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

"மார்லிஸ், எங்க போற? தோத்ததுக்குக் காரணம் இவன்தான்னு நீயே போயி சொல்லப்போறியா?" என்று டுவேன் பின்னாலிருந்து கத்தினான்.

கண்ணாடி அறையின் கதவைத் தட்டாமலே திறந்தாள். பேராசிரியர் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக்கொண்டு காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பேரு தப்பா சொல்லிட்டீங்க."

"எழுதிக்கொடுத்ததைத்தான் வாசிச்சேன்மா. நாற்பத்தேழுக்கு நேரா ஹெண்ட்லின்னு ஒரே பேருதான் இருக்கு."

"இன்னொரு நாப்பத்தேழு இருக்கான். கோல்பி. கோல்பி வோய்ட். காலையில கிர்பின்னு சொன்னீங்களே, அவன்தான். உள்ள ஓடினது அவன். இடிச்சுத் தள்ளினது அவன். தப்பு அவனோடது."

"நீங்க யாரு?"

"அவன் அம்மா."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "கீழ எல்லாரும் கொலைவெறியில இருக்காங்கம்மா. தெரிஞ்சுதான் கேக்கறீங்களா? பெத்த புள்ளைய நீங்களே மாட்டி விடறீங்களே?"

"நாலு வருஷமா இந்த மைக்குல அவன் பேரு ஒரு தடவகூட சரியா வரல சார். நல்லதுக்குத்தான் வரல. கெட்டதுக்காவது வரட்டும். அதையும் ஏன் அடுத்தவனுக்குத் தர்றீங்க? அது என் புள்ளையோடது! சொல்லுங்க!"

கடைசியில் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. அழுதுகொண்டே மிரட்டினாள்.

பேராசிரியர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். தன் துறையை மூடிய நாளில் தன் பெயரை யாரும் எங்கும் சொல்லவில்லை என்பது அவருக்கு நினைவு வந்ததோ என்னவோ. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு திருத்தம்," என்றார். பேரரசர்களைப் பற்றிப் பாடம் நடத்திய குரல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. "தவறு செய்தவர், இன்னொரு நாற்பத்தேழாம் எண். கோல்பி வோய்ட். கடைசி வருட மாணவர். அந்த அபாரமான இடியும் அவருடையதே."

ஊர் முழுவதும் திட்டியது. "வோய்டாம்! யாருடா அந்த வோய்ட்?" என்று பத்துப் பேர் கேட்டார்கள். அறை வாசலில் நின்று மார்லிஸ் இரண்டு கையையும் தட்டினாள். கீழே கோல்பி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வேலியோரம் போய்ச் சேர்ந்தபோது அவன் உதடு கிழிந்து ரத்தம் கசிந்தது. முகத்தில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"பிரைஸ் உள்ள நிக்கறது எனக்குத் தெரியும்மா. ஆனா கோச் கூப்டாரு. அவரு மறுபடி யோசிக்கறதுக்குள்ள ஓடிட்டேன். எல்லாரையும் தோக்கடிச்சிட்டேன்."

"ஆமாடா, தோக்கடிச்சிட்ட. நான் பாத்தேன். உங்கப்பாவும் பாத்தாரு, பேன்ட்டுல காப்பியோட."

அந்தப் பக்கமாகப் போன கோச், நெருப்பாக நின்று விரலை நீட்டினார். "வோய்ட்! கோல்பி வோய்ட்! உன்ன நான் மறக்கவே மாட்டேன்டா!"

"சரியா சொல்லிட்டாரும்மா," என்றான் கோல்பி மெதுவாக.

மார்லிஸ் அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். வெள்ளைக் கால்சட்டையின் முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை, அதன்மேல் சேறு, ஓரத்தில் ஒரு கிழிசல். அவள் திரும்பினாள். ஷெரில் பிள்ளையின் மானம் தப்பிய நிம்மதியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

"ஏய் ஷெரில், இந்தப் புல்கறைக்கு நீ என்ன சோப்பு போடற?"

ஷெரில் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்றாள், சுடுதண்ணீர் கூடவே கூடாது என்றாள். மார்லிஸ் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.