வடம் வந்த வருஷம்

ஐப்பசியில் வடம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்தே துரைக்கண்ணுவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கை மொத்தத்துக்குத் தேங்காய்நாரில் முறுக்கிய வடம் அது. மழைக்காலத்தில் ஏரி மதகின் வாயில் கோரையும் முள்ளும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் கரை உடையும். அதற்கு முன்னால் ஒருவன் முழுகி அடைப்பை எடுக்க வேண்டும். அவன் இடுப்பில் வடத்தின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கரைமேல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த ஆறு குடும்பத்துக்கும் வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை. வடம் இருப்பது முறைக்காரர் வீட்டில், பிடிப்பதும் அவர்தான். முழுகுவதற்கு மட்டும் முறை கிடையாது. அது சேரியில் ஒரே வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்த வேலை. ஊர் நியாயம் அப்படி.

ஐம்பத்தைந்தில் துரைக்கண்ணு வீட்டில் இருந்த வடம் ஐந்து வீடு சுற்றிவிட்டு, அறுபத்தொன்றில் மறுபடியும் அவர் வீட்டு முளைக்குச்சிக்கு வந்து தொங்கியது. மனைவி தையல்நாயகி அதன்மேல் ஒரு பழைய கம்பளியைப் போட்டு மூடினாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸும் நின்றுபோயிற்று என்று செய்தி வந்தது. திண்டிவனம் மண்டிக்குப் போக வேண்டியிருந்த துரைக்கண்ணு வீட்டோடு கிடந்தார். தையல்நாயகிக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆறு வருஷமாக மழை பெய்தால் போதும், மனுஷர் கூண்டில் அடைத்த புலிபோல வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடப்பார். இன்றைக்காவது அவரை ஓரிடத்தில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். முருங்கைக்கீரை போட்டுக் கேப்பை அடை தட்டினாள். மணலில் மல்லாட்டைக் கடலையை வறுத்தாள். வெல்லக் காப்பியைக் கையில் கொடுத்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தாள். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்ட, உள்ளே வறுத்த வாசனையும் நெருப்புச் சூடுமாக இருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? துரைக்கண்ணுவுக்கும் பிடித்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஐம்பத்தைந்தில், வடம் இங்கே இருந்தபோது, ஒரு மழைநாளிலும் அப்படியேதான் இருந்தது. இதே அடுப்பு, இதே மல்லாட்டை. அவர் கம்பளிக்குள் அரைத்தூக்கத்தில் கிடந்தார். தையல்நாயகி வாசற்கதவை ஒட்டி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். உச்சிப்பொழுதில் தெருவிலிருந்து, சேரிக்காரர்கள் எஜமானைக் கூப்பிடுகிற மாதிரி, “ஆண்டே” என்று ஒரு குரல்.

அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உச்சிப்பொழுதில் பேய் ஒரு தரம்தான் கூப்பிடும். மனுஷன் என்றால் மூன்று தரம் கூப்பிடுவான். அதனால் முதல் குரலுக்கு யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

தூக்கத்தில் எத்தனை குரல் தவறியது என்று தெரியாமல் அவர் கண்ணைத் திறந்து, எத்தனை தரம் என்று கேட்டார். “ஒரே தரந்தான். எழுந்துக்காதீங்க” என்றாள் அவள்.

குரல் மதகு முழுகுகிற மண்ணாங்கட்டியின் குரல். அது துரைக்கண்ணுவுக்குத் தெரிந்தது. மண்ணாங்கட்டி வந்து கதவைத் தட்ட முடியாது என்பதும் தெரியும். அவன் சாதிக்காரன் யாரும் அந்தத் தெருவில் படியேறியதில்லை. எதிர்ப்பக்கத்துப் பூவரச மரத்தடியில் நின்று கூப்பிடத்தான் முடியும். எல்லாம் தெரிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கம்பளி கதகதப்பாக இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மண்ணாங்கட்டி வடமில்லாமல் முழுகினான். கரை தப்பியது. மறுநாள் மதகுக்கு வெளியே, துரைக்கண்ணுவின் வயல் வாய்க்காலில் அவன் உடம்பு கிடந்தது. பஞ்சாயத்தில் துரைக்கண்ணு, ஒரு குரல்தான் கேட்டது என்றார். உச்சிப்பொழுதில் ஒரு குரலுக்கு யார்தான் போவார்கள் என்று ஊரே தலையாட்டியது.

இப்போது அவர் நாலு மல்லாட்டையை உரித்து வாயில் போட்டார். கண் செருகியது. அப்போது கேட்டது.

“ஆண்டே.”

அவர் கையிலிருந்த காப்பி பாயில் சிந்தியது. தையல்நாயகியைப் பார்த்தார். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மதகு முழுகுகிறவன் மண்ணாங்கட்டியின் தம்பி மாரியப்பன். விழுப்புரத்தில் ரயில்வே கூலியாக இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், யாரையும் ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை விட்டே விட்டான். கூப்பிட்டது அவன் இல்லை என்று துரைக்கண்ணுவுக்குத் தெரிந்தது. ஆனாலும் எழுந்துபோய்க் கம்பளியை இழுத்தெறிந்து வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்.

தையல்நாயகி வந்து வடத்தின் தொங்கலைப் பிடித்துக்கொண்டாள். “போனா திரும்பி வரமாட்டீங்க” என்று அழுதாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கதவைத் திறந்தார். பூவரச மரத்தடியில் யாரும் இல்லை.

ஏரிக்கரைவரை அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். மதகின்மேல் மாரியப்பன் சட்டையைக் கழற்றிக் கல்லுக்கடியில் வைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. இடுப்பில் அவன் ஒன்றும் கட்டியிருக்கவில்லை.

நீ வந்து கூப்பிட்டாயா என்று துரைக்கண்ணு மூச்சிரைக்கக் கேட்டார்.

“நா எதுக்கு வர்றேன்? எங்கண்ணன் வந்து கூப்ட்டதுக்கே நீங்க வரல.”

அவர் வடத்தை அவன் இடுப்பில் கட்டினார். மழை ஈரத்தில் முடிச்சு மூன்று தரம் நழுவியது. மாரியப்பன் பொறுமையாக நின்றான். பிறகு முழுகினான். துரைக்கண்ணு காலைக் கல்லில் முட்டுக்கொடுத்து வடத்தைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கைத் தோல் உரிந்தது, விடவில்லை. திடீரென்று வடம் விறைத்தது. உயிரைக் கொடுத்து இழுத்தார். மாரியப்பன் கைநிறையக் கோரையோடு மேலே வந்து இருமினான். மறுபக்கம் மதகு வழியாகத் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது.

அவர் ஏரியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது. மாரியப்பன் சட்டையைப் பிழிந்துகொண்டே பேசினான்.

“ஒரு தரந்தான் கூப்ட்டாருன்னு சொல்லிக்கினு இருக்கீங்க. அன்னிக்கு நானும் மரத்தடியில நனைஞ்சிக்கினு நின்னேன். மூணு தரம் கூப்ட்டாரு. ஒவ்வொரு தரமும் கொஞ்ச நேரம் கதவப் பாத்துட்டுக் கூப்ட்டாரு. அப்பறம் என்னக் கூட்டேரிப்பட்டுல வேற வடம் வாங்கியாரச் சொல்லி அனுப்பிட்டு, அவரு இங்க வந்துட்டாரு.”

பஞ்சாயத்தில் ஏன் சொல்லவில்லை என்று துரைக்கண்ணு கேட்டார்.

“என்ன யாரு கேட்டாங்க?” என்று சொல்லிவிட்டு மாரியப்பன் சேரிப்பக்கம் இறங்கிப் போனான்.

துரைக்கண்ணு வீடு திரும்பியபோது மழை விட்டபாடில்லை. தையல்நாயகி அவர் தலையைத் துவட்டினாள், உரிந்த கைக்கு எண்ணெய் தடவினாள், கம்பளியைப் போர்த்திவிட்டாள். மாரியப்பன் பிழைத்தான் என்று கேட்டதும் சாமியைக் கும்பிட்டாள். ஈர வடத்தை அடுப்புக்கு முன்னால் விரித்து, புதிதாக வறுத்த மல்லாட்டையை முறத்தோடு கொண்டுவந்து வைத்தாள். காலையில் இருந்த சுகமெல்லாம் திரும்பி வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

“அன்னிக்கு எத்தினி தரம் கூப்ட்டான் தையலு?” என்று அவர் கேட்டார்.

அவள் ஒரு மல்லாட்டையை எடுத்தாள், உரிக்காமலே கையில் வைத்திருந்தாள்.

தெருவிலிருந்து, “ஆண்டே” என்று குரல் வந்தது.

தையல்நாயகி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “மழ பேயற அன்னிக்கெல்லாம் கூப்புடுறான்” என்றாள். “இன்னும் ரெண்டு தரம் இருக்குது.”