அளவுத் தண்ணீர்

வைத்தீஸ்வரனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். காபி, மோர், ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாமே அதில் அடக்கம். திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் வருஷக்கணக்காக அடுப்புக்கு எதிரே நின்று சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் கிண்டுகிற மனிதருக்கு ஒரே ஒரு லிட்டர்! அந்த அனலில் வேகிற உடம்புக்கு அது எந்த மூலைக்குக் காணும், சொல்லுங்கள்.

ஆனால் வேலூர் டாக்டர் சும்மா சொல்லிவிடவில்லை. "கிட்னி ரெண்டும் பாதிதாம்மா வேலை செய்யுது. குடிக்கிறது வெளியே போகாம உள்ளேயே தங்கும். முதல்ல கால் வீங்கும். அப்புறம் நெஞ்சுல ஏறும். ஏறிட்டா உட்கார்ந்த இடத்துலயே மூச்சு நின்னுடும்" என்று வைத்தீஸ்வரனை விட்டுவிட்டு அவர் மனைவி தேவசேனாவைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு அதே காவல். காலையில் எழுந்ததும் லிட்டர் பாட்டிலை நிரப்பி வைப்பாள். பிறகு அவர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். குழி விழவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

இந்த நிலைமையில்தான், குழாய்த் தண்ணீரில் காரத்தன்மை ஏற்றித் தருகிற அல்கலைன் தண்ணீர் மெஷின் ஊருக்குள் வந்தது. எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம்; அதில் ஒரு செய்தி சுற்றியது. பள்ளிப்பட்டில் ஒருவர் அந்தத் தண்ணீரைக் குடித்து டயாலிஸிஸ் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டாராம். யார் அவர், என்ன பெயர், ஒருத்தருக்கும் தெரியாது. பயந்தவளுக்கு அதெல்லாம் எதற்கு? மெஷின் விற்கிறவர்களை வீட்டுக்கு வரச் சொன்னது தேவசேனாதான்.

முதலில் கனகம்மாசத்திரத்திலிருந்து அசோக்குமார் என்கிற ஏஜென்ட் வந்தான். குழாயில் மெஷினை மாட்டினான். இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்து, ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் மெஷின் தண்ணீர். ஏதோ மருந்தைச் சொட்டு விட்டான். குழாய்த் தண்ணீர் பச்சையாக நின்றது. மெஷின் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

"பாத்தீங்களாமா? ஏழு தட்டுங்க இதுல, தண்ணி அதுங்க நடுவுல பூந்துதான் வரும். எல்லாம் பிளாட்டினம் பூசினது. ஊரெல்லாம் அஞ்சு தட்டை வச்சி ஏமாத்திக்கினு இருக்கான்" என்றான் அசோக்குமார்.

அதுவரைக்கும் தூணில் சாய்ந்து பேசாமல் உட்கார்ந்திருந்த வைத்தீஸ்வரன் வாயைத் திறந்தார். "இதை எவ்வளவு குடிக்கலாம்?"

"அளவே கெடையாதுங்க சாமி. நாலு லிட்டராவது குடிச்சாதான் வேலை செய்யும். உள்ள கீற விசத்தையெல்லாம் அலம்பிக்கினு போயிடும்."

மறுநாள் அடுத்த தெரு சௌமியா தன் கம்பெனி மெஷினோடு வந்தாள். ஐந்து தட்டுதான், ஆனால் தட்டு பெரிசு என்றாள். அவளும் சொட்டு விட்டாள். இன்னும் கொஞ்சம் கருநீலம். வைத்தீஸ்வரன் அதே கேள்வியைக் கேட்டார்.

"அஞ்சு லிட்டர் தாராளமா குடிக்கலாம் மாமா. எங்க தண்ணி ரொம்ப மெல்லிசு, ஒடம்புல தங்கவே தங்காது."

அடப்பாவிகளா, ஏலம் போடுகிற மாதிரி! தேவசேனா கணவரின் முகத்தைப் பார்த்தாள். பசித்த பிள்ளை சோற்றுப் பானையைப் பார்க்கிற பார்வை.

"மெஷின் எதுவா இருந்தாலும் உங்களுக்கு ஒரு லிட்டர்தான். கேட்டேளா?" என்றாள்.

"யார் இல்லைன்னா?" என்று அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அசோக்குமாரும் சௌமியாவும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பிறகு முடிவு சொல்லுங்கள் என்று மெஷினை விட்டுப் போனார்கள். சமையலறைத் தொட்டிக்கு மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தேவசேனா சும்மா விடுகிறவளா? இதில் ஒரு நாள் துவரம்பருப்பை வேக வைத்தாள், அதில் ஒரு நாள். டிகாஷன் போட்டுப் பார்த்தாள். பாத்திரத்தின் அடியில் உப்புப் படிகிறதா என்று சுரண்டினாள். வேண்டாத தண்ணீர் தனிக் குழாய் வழியாக வெளியேறுமே, எது அதிகம் வீணடிக்கிறது என்று வாளி வைத்துப் பிடித்தாள். ஏழு தட்டில் பருப்பு சீக்கிரம் வெந்தது. ஐந்து தட்டு தண்ணீரை மிச்சம் பிடித்தது. ருசி மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"உங்க நாக்கு தெரிஞ்ச நாக்கு. ரெண்டையும் ஒரு வாய் பார்த்துச் சொல்லுங்கோளேன்."

"நன்னாயிருக்கே! மடப்பள்ளியில என்னிக்காவது நைவேத்யத்துக்கு முன்னாடி ஒரு பருக்கை நாக்குல வச்சிருப்பேனா? உப்பு சரியான்னு மூக்கால மோந்துதான் பார்ப்பேன். புதுசா வந்த தண்ணியை மட்டும் சுவாமிக்குக் காட்டாம குடிச்சிடுவேனா?"

"சரி, காட்டிட்டே பாருங்கோ" என்றாள் அவள். பூஜைக்கு வைத்திருக்கும் சின்ன உத்தரணிக் கரண்டியில் இரண்டு துளி காட்டுவார், வாயில் விட்டுக்கொள்வார் என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த பிசகு.

அதற்கப்புறம் மூன்றாம் நாள் காலையில் கட்டைவிரல் அழுத்திய இடத்தில் குழி விழுந்தது. உடனே நிரம்பிவிட்டது. தூக்கத்தில் கால் மடங்கியிருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த நாள் குழி நிரம்ப நேரம் பிடித்தது. அதற்கும் அடுத்த நாள் செருப்பு வார் பாதத்தில் ஏறவில்லை. மலைக்குப் பஸ்ஸில் போய் இறங்கியும் மடப்பள்ளி வாசலில் நின்று மூச்சு வாங்கினார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

லிட்டர் பாட்டில் சாயங்காலம் பாதிதான் காலியாகியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. குடிக்காத மனிதருக்கு எங்கிருந்து நீர் ஏறுகிறது? கிட்னி அடியோடு போய்விட்டதா? ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் ஒளித்தாள்.

"திருட்டுத்தனமா உப்பு ஏதாவது தின்னேளா? உண்மையைச் சொல்லுங்கோ."

"முருகன் சத்தியமா உப்பைத் தொடலை தேவா" என்றார் வைத்தீஸ்வரன். உண்மைதான். உப்பைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கறிகாய் வாங்கப் புறப்பட்டாள். தெரு முனை வரைக்கும் போனவளுக்குக் கால் எழவில்லை. அவர் முகம் காலையில் உப்பிக் கிடந்தது கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது. கறிகாயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்தாள்.

பூஜை மாடத்துக்கு முன்னால் வைத்தீஸ்வரன் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு பெரிய பித்தளைச் சொம்பு. ஒன்று காலி. இன்னொன்றைத் தூக்கி, அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடகடவென்று ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. முகத்தில் அப்படி ஓர் ஆனந்தம்.

"ஐயோ! என்ன பண்றேள்?"

சொம்பு கீழே இறங்கியது. "நைவேத்யம் பண்ணினது" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். "ரெண்டு மெஷின்லேந்தும்... பிடிச்சு வச்சேன். சுவாமிக்குக் காட்டினப்புறம்... பிரசாதம் ஆயிடறது. மிச்சம் வைக்கப்படாது."

"தினமுமா?"

அவர் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சொம்பு நிறைய வைக்கச் சொல்லி யார் அழுதா? கொடுங்கோ, துளசிக்கு விடறேன்."

"அபிஷேக ஜலத்தை விடலாம். நைவேத்யத்தை மண்ணுல கொட்டுவாளா? பரம்பரையா மடப்பள்ளியில நிக்கற குடும்பம்டி இது. ஒரு பருக்கையைக் கீழே போட்டதுண்டா? சாஸ்திரம்..." அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. நெஞ்சுக்குள் களகளவென்று ஏதோ சத்தம் கேட்டது. டாக்டர் சொன்ன மாதிரி தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டதோ?

சாஸ்திரமாவது மண்ணாங்கட்டியாவது. அவள் என்ன நேற்றுப் பிறந்தவளா? தாகத்துக்கு ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார் மனுஷர். அழுது பார்த்தாலும் தரமாட்டார், காலில் விழுந்தாலும் தரமாட்டார். ஆனால் அந்தச் சாஸ்திரத்திலேயே ஒரு வழி இருந்தது. பாய்ந்து சொம்பைப் பிடுங்கினாள். பிறந்ததிலிருந்து எந்தப் பாத்திரத்திலும் உதடு பட்டுக் குடித்தறியாதவள், சொம்பின் விளிம்பை வாய்க்குள் கவ்வி ஒரு மிடறு உறிஞ்சினாள். எச்சில் ஒழுக ஒழுக விளிம்பைச் சுற்றி நாக்கால் தடவினாள்.

"பாருங்கோ, எச்சில் பண்ணிட்டேன். இனிமே இது பிரசாதம் இல்லை. சாக்கடையில கொட்டினாலும் தோஷம் இல்லை."

பெண்டாட்டி எச்சில், அதுவும் பூஜை மாடத்துக்கு எதிரே! அடிக்க வருவார், கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றாள். கத்தட்டும், உயிரோடு இருந்து கத்தட்டும்.

அவர் கையை நீட்டினார்.

"குடு."

"என்ன சொல்றேள்?"

"எச்சிலா இருந்தா இருந்துட்டுப் போறது. குடு தேவா. உள்ளே எரியறதுடி. உனக்குத் தெரியாது. குடு." குழந்தை மாதிரி அழுதார். அவள் பின்வாங்குவதற்குள் சொம்பைப் பற்றிக்கொண்டார். வீங்கிய அந்தக் கைகளில் எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ, அவளால் இழுக்க முடியவில்லை. அவள் வாய் வைத்த இடத்திலேயே வாயை வைத்து, அடிவரைக்கும் குடித்தார்.

மடி போயிற்று, ஆசாரம் போயிற்று. இனி எதைச் சொல்லி இவரைத் தடுப்பது? தேவசேனா வாசலுக்கு ஓடினாள். எதிரே வந்த ஆட்டோவைக் கைநீட்டி மறித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்பா, சீக்கிரம்!"

"இட்டுனு வாங்கமா, போயிடலாம்" என்று டிரைவர் கீழே குதித்தான்.

அவரைத் தூக்க அவனையும் அழைத்துக்கொண்டு அவள் உள்ளே திரும்பினாள். பூஜை மாடத்துக்கு முன்னால் யாரும் இல்லை. சமையலறையில் குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.