பம்பின் மூன்றாவது அடி

நான் சலவைக்கடை நடத்துகிறேன் என்றுதான் ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் நான் பார்த்தது தபால் வேலை. பெரியவர் சொல்வதைச் சின்னவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், சின்னவன் சொல்வதைப் பெரியவரிடம். பெரியவர் என் கணவர். சின்னவன் அவருடைய தம்பி. ஒரே மெக்கானிக் பட்டறை, ஒரே சாப்பாட்டு மேஜை. நாலு வருஷமாகப் பேச்சு மட்டும் கிடையாது.

காரணம் லேசுப்பட்டதில்லை. சின்னவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் பட்டறை வாசலில் நின்றிருந்தார்கள். அன்றைக்கு ஏதோ வண்டி திரும்பி வந்த எரிச்சலில் பெரியவர், "இவன் கைவச்ச வண்டி எது உருப்பட்டிருக்கு?" என்று சொல்லித் தொலைத்தார். வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அன்றைக்குப் பூட்டிய வாய்தான் இருவருக்கும். நான் திட்டிப் பார்த்தேன். சமைக்காமல் இருந்து பார்த்தேன், இரண்டு பேரும் பேசாமல் கடையில் தனித்தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். கழுதை எப்படியோ போகட்டும் என்று நடுவில் நின்றுகொண்டேன்.

இந்த நிலையில்தான், துணிகளை விடுதிகளுக்கு ஏற்றிப்போகும் என் வேன் புகை கக்க ஆரம்பித்தது. இன்ஜினை வெளியே எடுத்தால்தான் ஆகும் என்றார் பெரியவர். பட்டறையில் சங்கிலி மாட்டித் தூக்கும் உத்திரத்திலோ விரிசல். அதனால் சக்கரம் வைத்த கிரேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துவர நான் போனேன்.

வாடகைக் கடைக்காரர் லேசில் விடுகிற ஆள் இல்லை. கிரேன் பக்கத்தில் என்னை நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இந்தக் கைய வெளிய இழுக்க இழுக்க, தூக்குற பாரம் குறைஞ்சுகிட்டே போகும். எவ்வளவு தூக்கும்னு ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்துலயும் எழுதியிருக்கு, பாத்து மாட்டுங்க. தரை சமமா இருக்கணும். தொங்குற இன்ஜினுக்கு அடியிலயோ சந்துலயோ கை போகவே கூடாது. இறக்குறப்ப இந்தத் திருகை நூலளவு திறங்க, போதும். படக்குன்னு திறந்தீங்கன்னா மொத்தமும் கீழதான்."

"சரிங்க."

"இன்னொண்ணும்மா. ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் தூக்குற பம்பை அடிக்கணும். நிறுத்துன்னு மட்டும் யார் சொன்னாலும் அந்த இடத்துலயே நிறுத்திடணும்."

எங்கள் வீட்டில் சொல்ல ஒருவர், அடிக்க ஒருவர், நடுவில் நான் ஒருத்தி என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வேன்? தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பித்தது. குறை சொல்லக் கூடாது, இருவரும் வேலையில் கெட்டி. தரையைப் பெருக்கி, குழாய்களையும் வயர்களையும் கழற்றிக் கட்டிவைத்து, கிரேனின் கையை ஒரு டன் ஓட்டையில் மாட்டி, சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். பெரியவர் வேனின் மூக்குப் பக்கம் குனிந்து நின்றார். சின்னவன் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இருவருக்கும் நடுவே ஆறடி இருக்கும். அந்த ஆறடியில் நான்.

"ரெண்டு அடி அடிக்கச் சொல்லு."

"தம்பி, ரெண்டு அடி அடிப்பா."

அடித்தான். பெரியவர் சொல்வது அவனுக்குக் கேட்காமலா இருக்கும்? கேட்கும். ஆனால் என் வாயால் வந்தால்தான் கை அசையும். அதுதான் சட்டம்.

"சங்கிலி ஒரு பக்கமா இழுக்குதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி."

"என்னங்க, சங்கிலி ஒரு பக்கமா இழுக்குதாம்."

"எனக்குக் கண்ணு இருக்குன்னு அந்த மேதாவிகிட்ட சொல்லு."

"அவரும் பாத்துட்டாராம் தம்பி."

இதில் நான் கைதேர்ந்தவள். காரத்தை எடுத்துவிட்டுக் கொடுப்பேன். நான் இல்லாவிட்டால் இந்த வீடு என்றைக்கோ இரண்டாகியிருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது.

இன்ஜின் மெல்ல மேலே எழுந்தது. "இன்னும் மூணு அடி அடிக்கச் சொல்லு" என்றார் பெரியவர். நான் சொன்னேன். அதே நேரம் வாசலில் விடுதிக்காரப் பையன் வந்து, போர்வைகள் எப்போது வரும் என்று கத்தினான். "இருப்பா" என்று இரண்டு எட்டு வாசல் பக்கம் போனேன். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இருக்காது.

முதுகுக்குப் பின்னால் பம்பு ஒரு முறை முனகியது. இரண்டாவது முறை முனகியது. "நிறுத்து" என்று பெரியவரின் குரல். பிறகு மூன்றாவது முறையும் பம்பு முனகியது.

பெரியவர் கத்தவில்லை. "அம்மா" என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம்தான் வந்தது. திரும்பிப் பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு பக்கத்து போல்ட் கழலாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எது பிடிக்கிறது என்று தடவிப் பார்க்க அவர் சந்துக்குள் கையை விட்டிருக்கிறார். மூன்றாவது அடியில் இன்ஜின் சாய்ந்து, விரல்களை வேனின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டுவிட்டது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

சின்னவன் திருகில் கை வைத்தான். தூக்கினால் இன்னும் நசுங்குமா, இறக்கினால் மொத்த பாரமும் உட்காருமா, அவன் நின்ற இடத்திலிருந்து ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்தான். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

"அண்ணா" என்றான். "இறக்கவா? தூக்கவா?"

நாலு வருஷத்தில் முதல் தடவை.

"இறக்கு. நூலளவு."

"இந்த அளவா?"

"இன்னும் கொஞ்சம். மெல்ல. மெல்லடா. போதும், நிறுத்து."

நிறுத்தினான். பெரியவர் கையை வெளியே எடுத்தார். விடுதிக்கு அனுப்பக் கட்டிவைத்திருந்த சலவை மூட்டையிலிருந்து நான் ஒரு துண்டை உருவிச் சுற்றினேன், அது அந்த நொடியே சிவந்துபோனது. உடனே கிளம்பலாம் என்று நான் கத்த, பாரத்தைத் தொங்கவிட்டுப் போகக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சின்னவன் இன்ஜினைப் பழைய இடத்திலேயே இறக்கி உட்காரவைத்த பிறகுதான் நகர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு விரலில் எலும்பு முறிவு, ஒரு நகம் போயிற்று. விரல்கள் பிழைத்துவிடும், ஆனால் பழையபடி மடங்குமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். மெக்கானிக்கின் வலது கை அது. கட்டுப் போட்டு, திரை மறைத்த ஒரு கட்டிலில் அவரைப் படுக்கவைத்தார்கள்.

நானும் சின்னவனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, கேட்டுச்சு."

"என்னது?"

"நிறுத்துன்னு அவர் சொன்னது. நல்லாவே கேட்டுச்சு. நீங்க சொல்லலையேன்னு கை அதுபாட்டுக்கு அடிச்சிருச்சு." உள்ளங்கையை மூடிக்கொண்டான். "இல்ல, அதுபாட்டுக்கு அடிக்கல. நான்தான் அடிச்சேன். அவர்கிட்ட சொல்லிடுங்க அண்ணி."

சரி என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பம்புச் சத்தத்தில் தம்பிக்குக் கேட்கவில்லையாம், பாவம், அழுகிறான். இதைத்தான் நான் போய்ச் சொல்லியிருப்பேன். ஒரு நொடியில் அந்தப் பொய் தயாராக வந்து நின்றது. அதைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. நாலு வருஷமாக இவர்களுக்கு இதைத்தானே ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "நீயே போய்ச் சொல்லு."

"அண்ணி..."

"போடா."

போனான். திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அவன் சொன்னான், ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொன்னான்.

"தெரியும்டா" என்றார் பெரியவர். "நான் சொன்னதும் நீ நிமிந்து என்னப் பாத்தது ஓரக்கண்ணுல தெரிஞ்சுது."

"ஆமாண்ணா."

"தம்பின்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நின்னிருப்பல்ல?"

"நின்னிருப்பேண்ணா."

"எனக்கு அதுவும் தெரியும். கை உள்ள இருக்கு, கூப்பிட்டா நிப்பான், எல்லாம் தெரியும். அப்பவும் கூப்பிட மனசு வரல. சுவத்தப் பாத்து நிறுத்துன்னு சொன்னேன்."

நான் வெளியே நின்று அழுதேன், உள்ளே போகவில்லை.