அண்ணாச்சி கும்பிடும் வீடியோ

1

இந்தக் கதை ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. மந்தைவெளியில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருக்கும் கபாலியின் அம்மா போய்விட்டார். நான் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தேன். கோடித்துணி போதவில்லையென்று கபாலி போனில் எதையோ திறந்தார். நாதஸ்வரம். பிறகு ஒரு குரல்: "வாங்க, வாங்க! உங்க சந்தோஷந்தான் எங்க சந்தோஷம்!"

ஒப்பாரி நின்றுவிட்டது. மீதியெல்லாம் என் கற்பனை.

2

'தொழில்நுட்பம் மனித உணர்வுகளை எவ்வாறு...'

(சீ. இந்த வரியை அடித்துவிட்டேன்.)

ஷண்முகப்ரியாவிடமிருந்து தொடங்குவோம். தி. நகர் மொத்த ஜவுளிக்கடை ஒன்றுக்கு, சில்லறைக் கடைக்காரர்கள் போனிலேயே சரக்கு எடுக்கும் இணையதளத்தைச் செய்தவள். முதல் வேலை. முதலாளி மாணிக்கவாசகம், வாசலில் நின்று கும்பிட்டே கடையை வளர்த்தவர். தளத்தைத் திறந்ததும் வீடியோவில் வந்து கும்பிட வேண்டுமாம். சத்தத்தோடு.

"ஸ்கிப் பட்டன் வைக்கிறேன் அண்ணாச்சி."

"ஏம்மா, வாசல்ல கும்பிடுதவன தள்ளிட்டா உள்ள வருவாவ?"

வைக்கவில்லை. (இந்த இடத்தில் அவளை எதிர்த்துப் பேச வைத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. விடுதி வாடகை கட்டுகிறவள் வசனம் பேசமாட்டாள்.)

3

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் கபாலி அண்ணாச்சிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ப்ரியாவும் கேட்டாள்.

"இன்னா நைனா, பொணத்தாண்ட வந்து வாங்க வாங்கன்னு கூவிக்கினு கீற? இன்னா சந்தோஷம் உனக்கு? இனிமே உன் சரக்கே வாணாம்!"

அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது. வீடியோ ஒழிந்தது என்று ப்ரியா நினைத்தாள்.

4

முடிவு ஒன்று: அண்ணாச்சி திருந்துகிறார். (அப்படியொரு முதலாளியை நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: ப்ரியா எழுந்து, நாற்காலியை உதைத்து...

(வேண்டாம்.)

முடிவு மூன்று:

"துக்கத்துக்குத் தனி வீடியோ எடுத்துருவோம். சட்டையக் கழட்டிட்டு, கையக் கட்டி நிக்கேன்."

"யார் எதுக்கு வர்றாங்கன்னு சைட்டுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"கேட்டுருவோம். வந்ததும் ரெண்டு பட்டன். நல்ல காரியமா, கெட்ட காரியமா? நாளைக்கே ஓடணும். இல்லன்னா வேற ஆளு பாக்கேன்."

ப்ரியா இரண்டு பட்டனையும் செய்துவிட்டாள். அவற்றுக்குக் கீழே, சிறிய எழுத்தில், வீடியோவே இல்லாமல் உள்ளே விட, மூன்றாவதாக ஒன்று: 'சரக்கு மட்டும்.' அதை இன்னும் தளத்தில் ஏற்றவில்லை. ஏற்றினால் கடைக்காரர்கள் அவளைக் கும்பிடுவார்கள், அண்ணாச்சி வேலையைவிட்டுத் துரத்துவார்.

அண்ணாச்சி வெற்றுடம்போடு கண்ணாடி முன் நின்று முகத்தைத் தொங்கப்போட்டுப் பழகுகிறார். "துக்கம் தெரியுதாம்மா?"

"இன்னும் கொஞ்சம், அண்ணாச்சி."

ஏற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பறிபோகப்போவது அவள் வேலை, என்னுடையதல்ல. உங்களுக்கு வாய் வந்தால் அவளிடம் சொல்லிவிடுங்கள், அவர் கண்ணாடியைவிட்டுத் திரும்புவதற்குள்.