பதினேழாம் எண் ரிவால்வரும் நான் சேர்த்த ஒரு வரியும்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யை எழுதியவன் நான்.

"புதிய ரிவால்வரில் டிரிக்கர் சில சமயம் இறுக்கமாக இருக்கலாம். பழகப் பழகச் சரியாகிவிடும்."

இவ்வளவுதான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை, உரிமம் வாங்கியவர்களுக்காகப் புதிதாக ரிவால்வர் செய்ய ஆரம்பித்திருந்தது. அதற்கான கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது. எனக்கு வீடு படப்பையில். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். பிழைப்பு என்னவோ கம்ப்ரசருக்கும் கிரைண்டருக்கும் கையேடு எழுதுவதில்தான். ஆங்கில மூலத்தில் மேலே உள்ள வரி இல்லை.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

[ஒரகடம் மேம்பாலத்தின் மீது மழை கொட்டிக்கொண்டிருந்தபோது முத்துச்செல்வியின் நெஞ்சில்—]

மழை பெய்யவில்லை. நல்ல வெயில். அவள் நெஞ்சில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.

[ஒரு துப்பாக்கி கதைக்குள் வந்துவிட்டால்—]

இதுவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

புதன்கிழமை காலை. பாகங்களை நேரில் பார்த்தால் எழுத வசதியாக இருக்கும் என்று சோதனைப் பிரிவுக்குப் போயிருந்தேன். அங்கே மேசையில் இருந்தவள் முத்துச்செல்வி. வள்ளியூர்ப் பக்கம். இருபத்தாறு வயது. மண்ணூரில் நான்கு பெண்களோடு ஒரு வாடகை அறை. ரிவால்வரில் டம்மி தோட்டா போட்டு, டிரிக்கரில் ஒரு கேஜின் கொக்கியை மாட்டி இழுப்பாள். எத்தனை கிலோ இழுப்பில் டிரிக்கர் வேலை செய்கிறது என்று குறித்துக்கொள்வாள். அதுதான் அவள் வேலை.

கையில் பதினேழாம் எண் ரிவால்வர். அஞ்சு. அஞ்சு. அஞ்சேகால். அடுத்த இழுப்பில் ஏழரை.

"என்னம்மா, திடீர்னு ஏறுது?"

"மறுபடி இழுத்தா அஞ்சு காட்டும், பாருங்க சார்." இழுத்தாள். அஞ்சு. "நேத்துலேருந்து இப்படித்தான் விளையாட்டுக் காட்டுது."

கேஜை மாற்றிப் பார்த்திருந்தாள். ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்திருந்தாள். தன் கைதான் சரியில்லையோ என்று, துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற ஃபிட்டர் ஜோயலையும் இழுக்கச் சொல்லியிருந்தாள். அவருக்கும் அப்படியே வந்தது.

"எப்பவும் கனமா இருந்தா ஸ்பிரிங்குன்னு சொல்லிரலாம். இது வந்து வந்து போகுதுல்லா?"

சிலிண்டரில் தோட்டா நிற்கும் ஆறு துளைகளுக்கும் மார்க்கரால் எண் போட்டாள். ஒருமுறை இரண்டாவது துளையில் கனத்தது. இன்னொரு முறை ஐந்தாவதில். அப்படியானால் கோளாறு துளையில் இல்லை. சிலிண்டரைத் திறந்து, காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் கம்பியை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள்.

அது சுழன்றது. சுழலவே கூடாது.

"ராட் லூசு," என்றாள்.*

ஜோயல் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தார். மண்ணூர்க்காரர், முப்பது தாண்டியவர், கைக்குழந்தைக்குத் தகப்பன். "டார்க் டிரைவர் காலிபரேஷனுக்குப் போயிருக்குல்ல?" என்றார் மெதுவாக. அளவு பார்த்து முறுக்கும் கருவி அது; அதன் அளவைச் சரிபார்க்க வெளியே அனுப்பியிருந்தார்கள். "கைலயே டைட் பண்ணுன்னு சூப்பர்வைசர் சாருதான் சொன்னாரு. டெமோவுக்குச் செஞ்ச இருபது துப்பாக்கியும் அப்டித்தான் போட்டுகினு இருக்கேன்."

* கம்பி சில மரை கழன்றால் நீண்டுவிடும். அதன் நுனி முன்னால் போய் உரசும். சிலிண்டர் சுற்றச் சிரமப்படும்; அந்தச் சிரமம் விரலுக்கு வரும். இன்னும் கழன்றால் நடுவில் சிக்கிக்கொண்டு எந்தப் பக்கமும் அசையாது. கையேட்டில் நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

4

சூப்பர்வைசர் இனியவன் வந்தார்.

"இன்னாம்மா, இன்னும் பதினேழுலயே கீற?"

"ராட் லூசு சார். இது ஒண்ணோட போகாது. இருபதையும் பிரிச்சுப் பாக்கணும்."

"வெள்ளிக்கிழமை வாங்க வர்றவங்களுக்கு டெமோ. டிரைவர் திங்கக்கிழமைதான் வரும். கைல முறுக்கி வுடு."

"முறுக்குனா இப்ப நிக்கும். நாலு ரவுண்டு சுட்டா திரும்பக் கழண்டுரும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "புதுசுன்னா கொஞ்சம் டைட்டாத்தான இருக்கும் சார்? அத்த புக்குல ஒரு வரி போட்டுடுங்க."

முத்துச்செல்வி பதினேழில், எடுக்கக் கூடாது என்கிற சிவப்பு டேக்கைக் கட்டினாள். நான் அன்று சாயங்காலம் அந்த வரியைப் போட்டேன்.

இந்த இடத்தில் இனியவனைக் கொடியவனாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அது வேறு யாரோவாக இருந்தது. இருவரும் முன்பு வேலை பார்த்த கம்பெனி மூடியபோது ஜோயலைக் கூட்டிவந்து இங்கே வேலையில் சேர்த்தவர் அவர். யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் தன் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர். டெமோ நடக்காவிட்டால் லைனையே மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். பயந்துபோயிருந்தார். பயந்த மனிதரைக் கொடியவனாக எழுதுவது எனக்கு வரவில்லை.

5

வெள்ளி, மதியம் மூன்று மணி. சுடும் கூடத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் நின்றிருந்தேன். உள்ளே, காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் அதிகாரி, காதுக்கவசம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ரிவால்வராக எடுத்துச் சுட்டார். பக்கத்தில் இனியவன்.

நான்காவதாக எடுத்ததில் டேக் இல்லை. எண்ணை என்னால் படிக்க முடியவில்லை.

முதல் குண்டு. இரண்டு. மூன்றாவதில் டிரிக்கர் பாதியில் நின்றுவிட்டது. இழுக்கிறார், வெடிக்கவில்லை. இன்னும் அழுத்துகிறார். தோள் ஏறி இறங்குகிறது. பிறகு, அடைத்துக்கொண்ட குழாயைப் பார்ப்பது போல, துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பினார். விரல் டிரிக்கரிலேயே இருந்தது.



எனக்குப் பின்னால் கதவு அடித்துத் திறந்தது. முத்துச்செல்வி. தன் மேசைத் தட்டில் பதினேழைக் காணாமல், கழற்றிப் போட்ட டேக்கை மட்டும் பார்த்துத் தேடி வந்தவள். காதுக்கவசம் இல்லாமல் உள்ளே ஓடினாள்.

"விரல எடுங்க! சார், விரல எடுங்க!"

கவசத்தைத் தாண்டி அவருக்குக் கேட்டிருக்காது. அவள் ஓடி வந்தது கண்ணில் பட்டிருக்கும். அப்படியே நின்றார். அவள் பக்கவாட்டில் போய், அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் துப்பாக்கிக் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். விரல் வெளியே வந்தது.

இதைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்கூட அது நடக்க ஆகவில்லை.

அங்கேயே இருபதையும் பிரித்துப் பார்த்தார்கள். பதினொரு ரிவால்வர்களில் கம்பி கழன்றிருந்தது. அதிகாரி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான் வாசலில் நின்றபடியே அச்சகத்துக்குப் போன் செய்து என் வரியை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது.

6

முடிவுகள்.

முதல் முடிவு: கம்பெனி நடத்திய விசாரணையில் ஜோயல் எழுந்து நின்று, கையால் முறுக்கச் சொன்னது யார் என்று சொல்கிறார். [எழுத இதுதான் பிடித்திருந்தது.]

இரண்டாவது: ஜோயல் வாயைத் திறக்கவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. [இதில் கண்ணீர் அதிகம்.]

முத்துச்செல்வியிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அவளுக்கு அன்று வார விடுமுறை.

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி," என்றாள். இப்போதெல்லாம் என்னை சார் என்பதில்லை. "விசாரிச்சவங்க ஜோயல் அண்ணன்ட்ட எதுவும் கேக்கவே இல்ல. ஃபாரத்துல 'செய்தவர்'னு ஒரு கட்டம்தான் இருந்துச்சு. பேரு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. பத்து நிமிஷந்தான்."

வேலை போன ஜோயல் இப்போது மறைமலை நகரில் ஒரு கடையில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறார். முத்துச்செல்வி அதே மேசையில். இனியவனும் அங்கேயேதான், முன்னைவிட அதிகமாகச் செக் பண்ணுகிறாராம். அந்த அதிகாரி மறுபடி வந்தார். இருபதும் நன்றாகச் சுட்டன.

7

கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பேரை அப்படியே போட்டிருக்கீங்க."

"நீதானேம்மா போடச் சொன்ன?"

"ஆமா. ஜோயல் அண்ணனும் போடச் சொல்லிட்டாரு. அவருக்கு இனி என்ன?" டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "இனியவன்னு யாரு அண்ணாச்சி? எங்க ஷாப்புல அப்படி ஒரு ஆளே கிடையாதே."

நான் கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னேன்.

"அவர் பேரை மட்டும் ஏன் மாத்துனீங்க?"

வாசகரே, இதற்குப் பதிலாக மூன்று வரிகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சட்டத்தைக் காரணம் காட்டினேன். ஒன்றில் அவருடைய குடும்பத்தை. மூன்றாவதை முடிக்க முடியவில்லை. அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். முடிக்க முடிந்தால் நீங்கள் முடியுங்கள்:

[ஏனென்றால் அடுத்த மாடலுக்கான கையேட்டையும் என்னையே எழுதச் சொல்லி, போன வாரம் அவர்]