பிளீச் நெடி

மாமனார் ராஜமாணிக்கம் பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் கீதாஞ்சலியின் வீட்டுக்குள் பிளீச் பாட்டில் வந்தது. அதுவரை வேங்கிக்காலில் இருந்த அந்தச் சின்ன வீட்டுக்குப் பினாயிலே போதுமானதாக இருந்தது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை வியாபாரம் பார்த்துக்கொண்டு, மூட்டையைத் தட்டிப் பார்த்தே விலை சொன்ன மனிதர், ஒருநாள் மார்க்கெட் கமிட்டி வாசலில் சரிந்தார். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. கீதாஞ்சலியின் கணவன் அருண்பிரசாத் அப்பாவைக் கூட்டிவந்து, தங்கள் மகள் கவிநிலாவின் அறையைக் காலி செய்து, கட்டில் போட்டான்.

மூத்திரமும் மலமும் படுக்கையிலேயே. ஆஸ்பத்திரியிலிருந்து புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸ்தான் கீதாஞ்சலிக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"அரை பக்கெட் தண்ணிக்கு ஒரு மூடி போதும்க்கா. ஜாஸ்தி ஊத்தாதீங்க. ஜன்னலைத் தொறந்து வெச்சிட்டுத் தொடைங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பாத்ரூம் ஆசிட்டோட மட்டும் இதைச் சேத்துடாதீங்க. மூச்சை அடைச்சிடும்."

கீதாஞ்சலி எதையும் மறக்கவில்லை. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தரையைத் துடைத்தாள். கட்டில் கால், கதவுப் பிடி, ரப்பர் ஷீட், பெட்பேன் என்று எதையும் விடவில்லை. அவருடைய சட்டை, வேட்டி, போர்வை எல்லாவற்றையும் தனி வாளியில் ஊற வைத்து அலசினாள். அவள் நைட்டிகளில் எல்லாம் வெளிறிய புள்ளிகள் விழுந்தன. விரல் நுனித் தோல் உரிந்தது; உரிந்த இடத்தில் மறுபடி உரிந்தது. தொடக்கத்தில் எரிந்தது, பிறகு எரியவில்லை. குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை கூட அவளுக்குத் தெரியாமல் போனது.

அவள் குனிந்து துடைக்கும்போதெல்லாம் மாமனார் குழறும் வாயால், "வுடும்மா, போதும்" என்பார்.

"இதோ ஆச்சு மாமா" என்பாள் அவள்.

இரண்டு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒருநாள் காலை, அறையைப் பாதி துடைத்துவிட்டுத் துணியைப் பிழிய வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவர் வாய் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, மிச்சமிருந்த தரையை ஜன்னல் மூலை வரைக்கும் துடைத்தாள். பக்கெட் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் அருண்பிரசாத்தை எழுப்பினாள்.

"என்னங்க, மாமா போயிட்டாரு."

ஆரணியிலிருந்து நாத்தனார் பூஜா வந்தாள். தெரு முனையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே "அப்பா" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தாள். ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். கீதாஞ்சலியும் அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கண்ணில் ஒன்றும் வரவில்லை. எழுந்துபோய் வந்தவர்களுக்குக் காபி டம்ளர் எடுத்துக் கொடுத்தாள்.

மாமனாரின் தங்கை பொன்னி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. "பாத்தியா? மருமவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. கெழவன் போனா சரின்னு இருந்திருப்பா."

அது யாரையோ சொல்வது போலத்தான் இருந்தது கீதாஞ்சலிக்கு.

எடுத்துப்போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. காலி அறையைக் காலையும் மாலையும் துடைத்தாள். அருண்பிரசாத் ஒரு தரம், "இன்னும் எதுக்கு?" என்று கேட்டான். அவள் பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். கை தானாக மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி எல்லோரும் கூடினார்கள். சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு பூஜா அந்த அறைக்குள் போய் பீரோவைத் திறந்தாள். அப்பாவின் சட்டை ஒன்றை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு வேட்டி, துண்டு, போர்வை.

"அண்ணி."

கீதாஞ்சலி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா வாசனையே இல்லியே அண்ணி. பீடி நாத்தம், வேர்வை, ஒண்ணுமே இல்ல. எல்லாத்துலயும் ஆஸ்பத்திரி நெடிதான் வருது. ஒரு சட்டையக் கூடவா வுட்டு வெக்கக் கூடாது?"

"எல்லாத்துலயும் பட்டுது பூஜா. தொவைக்காம எப்படி?"

"தொவைக்கறது வேற. நீ அவர இந்த வூட்லயே இல்லாம பண்ணிட்ட." பூஜாவின் குரல் உடைந்தது. "நீ அழக்கூட இல்ல."

 வந்தவர்கள் பாத்ரூமை நாசம் பண்ணியிருப்பார்கள், அதைக் கழுவ வேண்டும் என்று நினைவு வந்து, கீதாஞ்சலி போய்விட்டாள்.

கக்கூஸ் பேசினில் ஆசிட்டை ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தாள். வழக்கமாக இரண்டு வாளி தண்ணீர் அடித்து அலசிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். அன்று அலசவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, அலசியாகிவிட்டது என்றே நினைத்தாள். கூட்டம் வந்த வீடு என்பதால் பிளீச்சைத் தண்ணீரில் கலக்காமல் பாட்டிலோடு சாய்த்தாள்.

நுரை பொங்கியது. மஞ்சளாக ஏதோ எழும்பியது. மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை; தொண்டைதான் முதலில் இறுகியது. நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. வந்தும் வெளியே ஓடத் தோன்றவில்லை. இன்னும் ஓரம் பாக்கியிருக்கிறதே என்று மேலும் இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். அதற்குள் இருமல் அவளை மடக்கிப் போட்டது.

இருமல் சத்தம் கேட்டு வந்த பூஜா கதவைத் தள்ளினாள். "ஐயோ, இன்னாத்த ஊத்துன அண்ணி!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அக்குளில் கை கொடுத்து இழுத்து, பின்கட்டுக் குழாயடிக்குக் கொண்டுவந்து போட்டாள். குழாயைத் திறந்துவிட்டு அவள் முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்தாள். இருவர் கண்ணும் ரத்தச் சிவப்பு. இருவர் கன்னத்திலும் தாரைதாரையாக வழிந்தது. கீதாஞ்சலிக்கு மூச்சு விக்கி விக்கி வந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பொன்னி வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"அழுவு தாயி, அழுவு. இத்தினி நாளா அடக்கி வெச்சிக்கினு இருந்தியே. பாருங்கடி, நாத்தனாரும் மருமவளும் கட்டிப்புடிச்சி எப்டி அழுவறாங்கன்னு."

பின்னால் வந்த பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூஜா நிமிர்ந்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "ஆமா அத்த. நீங்க உள்ள போங்க. அண்ணன ஆட்டோ கூப்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு குழாயை மூடினாள்.

"உனக்கு நெஜமாவே அழுகை வரலியா?"

"வரல பூஜா." இருமலுக்கு நடுவே கீதாஞ்சலி சொன்னாள். "அன்னிக்கு மாமா மூச்சு நின்னுடுச்சின்னு தெரிஞ்சும், மிச்சத் தரையத் தொடைச்சிட்டுதான் உங்கண்ணன எழுப்புனேன்."

பூஜா அவள் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று கீதாஞ்சலி எதிர்பார்த்தாள். பூஜா, ஈரத் துணியோடு ஒட்டிக்கிடந்த அவள் கையை எடுத்துத் திருப்பினாள். விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"நான் வந்து ஒரு வாரம் பாத்துக்கினு இருந்திருக்கணும்" என்றாள் பூஜா. "வரல."

கீதாஞ்சலி மறுபடி இருமினாள். ஆட்டோ வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். ராத்திரி தங்கவைத்து மறுநாள் அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் நுரையீரல் வெந்திருக்கும் என்றார் டாக்டர். அருண்பிரசாத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் பாட்டில்களைத் தூக்கிப் பரண்மேல் வைத்தான்.

அப்புறம் அந்த அறைக்குக் கவிநிலா திரும்பி வந்தாள். சுவரில் கால அட்டவணையை ஒட்டினாள். கீதாஞ்சலி இரண்டு நாளைக்கு ஒரு முறை வெறும் தண்ணீரில் துடைத்தாள். அது போதுமானதாகவே இருந்தது. அழுகை வரவில்லை. வரும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை. ஊரில் மட்டும், காரியத்தன்று மருமகள் அழுத அழுகையைப் பொன்னி போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூஜா இப்போது சாயங்காலங்களில் போன் செய்கிறாள். முன்பெல்லாம் அண்ணனுக்குத்தான் செய்வாள்.

"இன்னா அண்ணி பண்ற?"

"உளுந்து ஊற வெச்சிருக்கேன். ஆட்டணும்."

"எங்க வூட்டு மாவு பொங்கவே மாட்டேங்குது. குளுரு ஜாஸ்தியா கீது."

"கொஞ்சம் வெந்தயம் போட்டுப் பாரு."

 அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பூஜா, "சரி, வெச்சிடறேன்" என்றாள். கீதாஞ்சலி போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, கிரைண்டரில் உளுந்தை அள்ளிப் போட்டாள்.